தப்புக் கணக்கு சொல்லும் சேதி

53-லிருந்து 37-ஐக் கழிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் எழுதிப் போடும் கணக்கு இது. சரியான விடை 16. ஆனால் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால் 24, 26, 90 என்று வேறு மூன்று விடைகளும் வரிசையாக வந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நோட்டை மூடிவிடலாம். பல வருஷமாகப் பள்ளிக்கூடங்களில் நடப்பது அதுதான். ஆனால் இந்த மூன்று தப்பும் ஒரே தப்பு இல்லை. 90 எழுதிய பிள்ளை கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறது. 24 எழுதிய பிள்ளை, ஒன்றாம் இடத்தில் 3-லிருந்து 7 போகாது என்று தெரிந்து, 7-லிருந்து 3-ஐக் கழித்திருக்கிறது. 26 எழுதிய பிள்ளை பத்தாம் இடத்திலிருந்து ஒழுங்காகக் கடன் வாங்கியிருக்கிறது. கொடுத்த இடத்தில் ஒன்று குறைந்துவிட்டதை மட்டும் மறந்துவிட்டது.

24 எழுதிய ஒருத்தியிடம், "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டேன். "பெருசுலேர்ந்துதானே டீச்சர் சின்னதைக் கழிக்கணும்?" என்றாள். முதல் வகுப்பில் கழித்தலைத் தொடங்கும்போது எல்லாப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கும் விதி அது. அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அவளிடம் போய் "கவனமாப் போடு" என்றால் என்ன பிரயோசனம்?

இப்போது கல்வித் துறையில் எங்கே திரும்பினாலும் 'தரவு', 'தொடர் மேம்பாடு' என்று பேச்சு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கும் எனக்குத் தரவு என்றால் இந்த 24, 26, 90 தான். அது கிடைக்க வேண்டுமானால் கேள்வியிலேயே கவனம் வேண்டும். 53-க்குப் பதில் 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னால், திருப்பிக் கழித்தவருக்கும் 25 வரும், கடன் வாங்கியதை மறந்தவருக்கும் 25 வரும். இரண்டு நோய்க்கும் ஒரே அறிகுறி. எண்ணை ஒன்று மாற்றியதும் இரண்டும் தனித்தனியே தெரிந்துவிடுகின்றன.

தப்புகளை இப்படி வகை பிரித்துக் காரணம் தேடும் யோசனை பள்ளிக்கூடத்தில் பிறந்தது அல்ல. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் 1924-இல், உற்பத்தியில் வரும் ஏற்ற இறக்கங்களைக் கோட்டு வரைபடமாகப் போட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். எந்த வேலையிலும் அன்றாடம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதற்கெல்லாம் பதறக் கூடாது, தனிக் காரணம் உள்ள மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்துத் துரத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானுக்குப் போய்ப் பொறியாளர்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் பாடம் எடுத்தார். திட்டமிடு, செய், ஆராய், அதன்படி மாற்று, மறுபடி திட்டமிடு என்று நான்கு படிகளும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாடம். ஜப்பான்காரர்கள் 1951 முதல் அவர் பெயரிலேயே பரிசு கொடுக்கிறார்கள். இந்திய நிறுவனம் ஒன்று அதை முதலில் வாங்கியது 1998-இல். சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

என் சித்தப்பா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். பாகம் பழுதாக வந்தால் யார் செய்தது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் பழுது நுழைகிறது என்று தேட ஆரம்பித்த பிறகுதான் தன் பட்டறை உருப்பட்டது என்பார். வகுப்பறைக்கு எனக்கு அந்த ஒரு பாடம் போதுமாக இருந்தது.

பிள்ளைகள் இரும்புப் பாகங்கள் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். சரிதான். நான்கு படிகளில் நான் சோதிப்பது பிள்ளையை அல்ல, நான் பாடம் நடத்தும் விதத்தை.

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு வாரத்துக் கணக்கு. வகுப்பில் 22 பேர். 16 எழுதியவர்கள் 9, 24 எழுதியவர்கள் 7, 26 எழுதியவர்கள் 4, 90 எழுதியவர்கள் 2. வெள்ளிக்கிழமைக்குள் 24 குழுவைக் குறைப்பது என்று திட்டமிட்டேன். அவர்களைத் தனியாக உட்காரவைத்து, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கொடுத்தேன். ஐந்து கட்டு, மூன்று உதிரிக் குச்சி. இதிலிருந்து ஏழு குச்சி கொடு என்றால் கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்த்ததும் கட்டு நான்காகிவிடுவதைக் கையே சொல்லிவிடும். மற்றவர்களுக்கு நோட்டில் பயிற்சி. குறியைப் பார்க்காத இருவரும் கணக்கைத் தொடங்குமுன் குறியைச் சுற்றி வட்டம் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை 64-லிருந்து 28. சரியான விடை 36. திருப்பிக் கழித்தால் 44, கடனை மறந்தால் 46, கூட்டிவிட்டால் 92. சரியாகப் போட்டவர்கள் 12 ஆகியிருந்தார்கள். 44 எழுதியவர்கள் 3 பேர், 92 எழுதியது ஒருவர். ஆனால் 46 எழுதியவர்கள் 4-லிருந்து 6 ஆகிவிட்டார்கள்!

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், ஒரு வாரம் பாடுபட்டு மூன்று பேர்தான் தேறினார்கள். பெயர்களைப் பார்த்தால் கதை வேறு. புதிதாக 46 எழுதியவர்கள் போன வாரம் 24 எழுதியவர்கள். கடன் வாங்கக் கற்றுக்கொண்டு ஒரு படி ஏறியிருக்கிறார்கள். குச்சியில் புரிந்தது தாளுக்கு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் குச்சியை வைத்துக்கொண்டே, கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் தாளில் 6-ஐ அடித்து 5 என்று எழுதச் சொன்னேன். மாற்றியது அவ்வளவுதான்.

ஒரு நாள் சரிவுக்கெல்லாம் நான் அசைவதில்லை. பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாளும், ஊர்த் திருவிழாவுக்கு மறுநாளும் எந்த வகுப்பிலும் விடைகள் தடுமாறும். அதே தப்பு அதே பிள்ளைகளிடம் வாரக்கணக்கில் நின்றால்தான் பாடம் நடத்தும் முறையைத் தொடுவேன். ஷூவார்ட் சொன்னதும் இதைத்தான்.

தமிழ்நாட்டில் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அடிப்படையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். நாடு முழுக்க 2005 முதல் நடக்கும் அசர் ஆய்விலும் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்லித்தான் பிள்ளையின் நிலையைக் கண்டுபிடிக்கிறார்கள். அசருக்குப் பின்னால் உள்ள பிரதம் அமைப்பு, பிள்ளையின் நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறையை வளர்த்தது. அந்த முறையைக் களத்தில் சோதித்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

பெரிய ஊர்களிலும் இது பலித்திருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் மாணவர்களை அந்த வருஷத்துக்குள்ளேயே கண்டுபிடித்துக் கைகொடுக்கத் தொடங்கின. தேறும் பாதையில் இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 2007-இல் 57 சதவீதம். 2013-இல் 82 சதவீதம். வருகைப் பட்டியலும் தோல்விப் பட்டியலும் ஆசிரியர் கைக்கு நேரத்தோடு வந்ததில்தான் விஷயம் இருந்தது.

அதே நாட்டில் அட்லாண்டாவின் கதையும் உண்டு. தேர்வு மதிப்பெண்களைக் காட்டியே பள்ளிகளை மிரட்டினார்கள். விடைத்தாளில் பிள்ளைகள் எழுதியதை அழித்து ஆசிரியர்களே திருத்தினார்கள். 2011-இல் வெளியான அரசு விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகளும் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சிக்கினார்கள். வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்ட வேண்டும் என்பது டெமிங்கின் 14 கோட்பாடுகளில் ஒன்று. பயம் உள்ள இடத்தில் எண்கள் பொய் சொல்லும்.

நம் ஊரில் அந்த அளவு போகவில்லை என்றாலும், சலிப்பு உண்டு. செல்போனில் சிக்னல் தேடி மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் வகுப்பு காத்திருக்கிறது. ஏற்றிய எண்கள் மேலே போகின்றன. போன வேகத்தில் கீழே வருவதில்லை. வரும்போது பெரும்பாலும் ஒன்றியத்துக்கு ஒன்றியம் ஒப்பிட்ட தரவரிசையாக வருகின்றன. நாளைக்கு யாரிடம் குச்சிக் கட்டைக் கொடுப்பது என்பதைத் தரவரிசை சொல்லாது. ஆசிரியர் மறுநாள் காலையில் பயன்படுத்த முடியாத எண் எத்தனை அழகான வரைபடமாக வந்தாலும் வகுப்புக்கு உதவாது.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிறது, போய் உட்காருங்கள். எத்தனை பேர் பாஸ், யார் முதல் ரேங்க் என்பதை விட்டுவிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: போன மாதம் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறினார்கள்? அதற்காகப் பாடம் நடத்தும் முறையில் எதை மாற்றினீர்கள்? மாற்றியதால் என்ன ஆயிற்று? இந்த மூன்றுக்கும் மழுப்பாமல் பதில் சொல்கிற பள்ளி, கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நல்ல பள்ளிதான்.