மலைக் காற்றைத் தேடி: சித்தூர் முதல் ஹார்ஸ்லி மலை வரை



விடுமுறை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்றே நமது எண்ணம் ஓடுகிறது. பிழைப்பை நாடிச் சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு, இவ்விரு நகரங்களுக்கும் இடையிலேயே, மிகுந்த செலவின்றிக் கண்டுவரத்தக்க மலைநாடு ஒன்று உண்டு. ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி, மதனப்பள்ளி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பகுதியே அது. இங்கே அழகிய காட்சிகளும் உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வரலாறும் உண்டு.

பழைய கலெக்டர் நகரம்

ஆங்கிலேயர் ஆட்சியில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது சித்தூர். வேலூரையும் ஆரணியையும் சேர்ந்த மக்கள், கலெக்டரைக் காண இவ்வூருக்கே வரவேண்டியிருந்தது. 1911 ஏப்ரல் முதல் நாளில்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆற்காட்டின் சில தாலுகாக்களோடு, கடப்பை மாவட்டத்திலிருந்த மதனப்பள்ளியும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நிலைத்தது. ஆகவே இன்றும் சித்தூர்க் கடைவீதியில் தெலுங்கும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன.

1853இல் அமைக்கப்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷனின் தொடக்ககால மையங்களுள் சித்தூரும் ஒன்று. அதனை நிறுவிய ஸ்கடர் குடும்பத்தின் வழிவந்தவரே, பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் திருப்பதி. நகருக்கு மேலே சேஷாசலம் மலைத்தொடர் மதிலைப்போல் எழுந்து நிற்கிறது. செம்மரம் இயற்கையாக வளரும் அரிய காடுகள் இவை. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை அங்கு செல்வோர் நடந்தோ டோலியிலோதான் ஏறினர்.

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையைத் தவறாமல் காணுங்கள். விஜயநகர அரசின் பிற்காலத் தலைநகரங்களுள் இதுவும் ஒன்று. புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த கடற்கரை நிலத்தை 1639இல் ஆங்கிலேயருக்கு அளித்தவர், அவ்வரசுக்கு உட்பட்ட நாயக்கரே. சென்னையில் வாழும் நாம் ஒருவகையில் நமது நகரத்தின் தொடக்கத்தைத் தேடியே இங்கு வருகிறோம் எனலாம். இங்குள்ள ராஜமகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது.

ஒரு மலை, இரு பெயர்கள்

திருப்பதியிலிருந்து பீலேரு வழியாக மேற்கே சென்றால் மதனப்பள்ளியை அடையலாம். 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் இது. கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கும் மேல் அமைந்திருப்பதால் வெப்பம் சற்றுத் தணிந்திருக்கும். 1919 பிப்ரவரியில் இங்குள்ள தியசாபிகல் கல்லூரியில் தங்கிய இரவீந்திரநாத் தாகூர், நமது தேசிய கீதமாகிய பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது இவ்வூரில்தான்.

மதனப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஹார்ஸ்லி மலை இருக்கிறது. உயரம் 4,000 அடிக்கும் மேல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடப்பை மாவட்டக் கலெக்டராயிருந்த ஹார்ஸ்லி என்பவர், கோடை வெப்பத்துக்குத் தப்பி இங்கே ஒரு பங்களா கட்டினார். அதனால் அவர் பெயர் மலைக்கு நிலைத்தது. தைல மரங்களின் நிழலும், அடிவாரச் சமவெளியின் காட்சியும் உள்ளத்துக்கு இதம் தருபவை.

ஆனால் அம்மலைக்கு முன்னரே ஒரு பெயர் இருந்தது: ஏனுகு மல்லம்மா கொண்டா. தெலுங்கில் ஏனுகு என்றால் யானை. யானைகள் உணவளிக்க மலையுச்சியில் வாழ்ந்த மல்லம்மா என்னும் பெண், மலைவாழ் மக்களின் நோய்களைத் தீர்த்து வந்தாள் என்பது செவிவழிக் கதை. தன் ஓய்வுக்காக மலையேறியவரின் பெயர் வரைபடத்தில் இருக்கிறது. பிறர் நோய் தீர்த்தவளின் பெயரோ ஊராரின் நாவில் இருக்கிறது.

ஆரோக்கியவரம்

மல்லம்மாவின் பணியை வேறொரு வகையில் தொடர்ந்த இடம் மதனப்பள்ளிக்கு அருகிலேயே உள்ளது. அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. அந்நோய் கண்டவரை உற்றாரே ஒதுக்கினர். தூய காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. பல மிஷன்கள் ஒன்றுகூடி, டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் தலைமையில் ஒரு காசநோய் மருத்துவமனையை நிறுவின. 1915இல் அது தற்போதைய இடத்துக்கு வந்தது. ஆரோக்கியத்தின் ஊர் என்று பொருள்படும்படி ஆரோக்கியவரம் எனப் பெயரிட்டனர். கலெக்டர் ஒருவர் தம் குடும்பத்துக்காகத் தேடிய அதே நல்ல காற்றை, இவர்கள் கைவிடப்பட்ட நோயாளிகளுக்காகத் தேடினார்கள். இன்று அது பொது மருத்துவமனையாக இயங்குகிறது. நோயாளிகளுக்கு இடையூறு செய்யாமல் கண்டு வாருங்கள்.

மலை வீட்டுக்கு வந்தது

பிறகு மருந்துகள் வந்தன. ஏழைகள் எல்லாரையும் மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்துப் பராமரிக்க இயலுமா என்ற கேள்வி எழுந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுள் ஒரு சாராருக்கு வீட்டிலும், மற்றொரு சாராருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றிற்று. மலைக்குச் செல்ல வசதியில்லாதவனுக்கும் சுகம் உண்டென்பது நமது சென்னையில் மெய்ப்பிக்கப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி, காற்றோட்டமில்லாத இடங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளை இந்நோய் இன்றும் தேடி வருகிறது. வேலை போய்விடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், பெண்ணுக்கு வரன் அமையாது என்றஞ்சிப் பலர் மறைக்கின்றனர். மறைப்பதால் நோய் முற்றுகிறது. உடன் இருப்போருக்கும் பரவுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், அல்லது மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் தோன்றினால், அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாதங்கள் மருந்து உட்கொள்ள வேண்டும். சில வாரங்களில் உடல் தேறியதும் சுகம் கிடைத்துவிட்டதென்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவது பேராபத்து.

ஜெபிப்பவர் மருந்து உண்ணலாமா என்று சபைகளில் சிலர் கேட்பதுண்டு. ஆரோக்கியவரத்தைக் கட்டியவர்கள் ஜெபித்தவர்களே. அவர்கள் ஜெபித்த கைகளாலேயே மருந்தும் கொடுத்தார்கள். இதற்கு மேலான விடை தேவையில்லை.

ஆகவே, அடுத்த விடுமுறையில் இப்பகுதிக்குச் செல்லுங்கள். கலெக்டரின் பங்களாவையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மல்லம்மாவின் கதையையும் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பின், உங்கள் தெருவில் இருமிக்கொண்டு தனியே இருக்கும் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.