உங்களுக்குத் தெரியுமா?

கச்சேரியில் மாண்டு ராகத்தில் நம்மை உருகவைக்கும் 'முரளீதர கோபாலா'வை இயற்றியவரும், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தவரும் ஒருவரே. அவர்தான் கொங்கு மண்ணின் பெரியசாமித் தூரன்!

• 1908-இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டுவலசில் பிறந்தார். கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தார்.

• வித்யாலயத்தை நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பொறுப்பைத் தூரனிடம் ஒப்படைத்தது. 1954-இல் முதல் தொகுதி, 1968-இல் பத்தாவது. கணினி இல்லாத காலம். துறைதோறும் அறிஞர்களைத் தேடி, தமிழில் எழுதவைத்து, திருத்தி அச்சேற்ற வேண்டும். அசுர உழைப்பு! அதோடு நிற்கவில்லை. குழந்தைகளுக்கென்றே இன்னொரு பத்துத் தொகுதிகள், 1976 வரை.

• இதற்கிடையே சுமார் 600 இசைப்பாடல்கள். பிருந்தாவன சாரங்காவில் 'கலியுக வரதன்', சுத்த சாவேரியில் 'தாயே திரிபுரசுந்தரி' இரண்டும் இன்றும் மேடையில் ஒலிக்கின்றன. பாடுகிறவர்கள் தூரன் பெயரையும் சொல்லிப் பாடினால் நன்றாக இருக்கும்.

• 1968-இல் பத்மபூஷண். 1972-இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டம்.