மாதவிடாய்ச் சுழற்சியும் ரத்தச் சர்க்கரையும்

மாதவிடாய்ச் சுழற்சியை நடத்தும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. தசை, கல்லீரல், கொழுப்புத் திசு ஆகியவற்றில் இன்சுலின் எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பதும் இவற்றைப் பொறுத்து மாறுகிறது. அதனால், உணவும் மருந்தும் மாறாதபோதுகூடச் சில பெண்களுக்கு மாதத்தின் சில நாட்களில் ரத்தச் சர்க்கரை ஏறி இறங்குகிறது.

ரத்தப்போக்கு தொடங்கும் நாளே சுழற்சியின் முதல் நாள். வளர்ந்த பெண்களுக்கு ஒரு சுழற்சி பொதுவாக 21 முதல் 35 நாட்கள் நீடிக்கும். முதல் பகுதியில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக உயர்கிறது. அப்போது இன்சுலின் பொதுவாக நன்றாக வேலை செய்கிறது. சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் மிகுதியாகச் சுரக்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் நீடிக்கும் இந்தப் பிற்பகுதியில் திசுக்கள் இன்சுலினுக்குச் சற்றே இணங்க மறுக்கின்றன. இதைத்தான் மருத்துவர்கள் ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்கிறார்கள். கரு தங்காவிட்டால் இரு ஹார்மோன்களும் சரிகின்றன, ரத்தப்போக்கு தொடங்குகிறது, இன்சுலினும் பழையபடி வேலை செய்யத் தொடங்குகிறது.

சர்க்கரை நோய் இல்லாத பெண்ணின் கணையம் தேவைக்கேற்பக் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடும். ஆகவே மாற்றம் மிகச் சிறியதாகவே இருக்கும்.

முதல் வகை சர்க்கரை நோயில் கணையத்தால் அப்படி ஈடுகட்ட முடியாது. ஊசியாகவோ பம்ப் வழியாகவோ செலுத்தும் இன்சுலினையே உடல் நம்பியிருக்கிறது. இந்நோயுள்ள பெண்கள் பலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் சர்க்கரை கூடுகிறது. அந்நாட்களில் இனிப்பின்மீது எழும் ஆசை, தூக்கக் குறைவு, சோர்வால் குறையும் நடமாட்டம் ஆகியவையும் இதற்குத் துணைபோகலாம். ரத்தப்போக்கு தொடங்கியதும் நிலைமை திரும்புகிறது. அதுவரை கூட்டிப் போட்ட இன்சுலினை அப்போதும் குறைக்காவிட்டால், சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். எல்லாப் பெண்களுக்கும் இப்படி நேர்வதில்லை. சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை எனப்படும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் பாதிப்பு எதிர்த்திசையிலும் நடக்கிறது. இன்சுலின் எதிர்ப்பால் ரத்தத்தில் மிகும் இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. இதனால் கருமுட்டை வெளிவருவது தடைபட்டு மாதவிடாய் தள்ளிப்போகிறது. இவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால், சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உடல் பருமன் உள்ளவர்கள் எடையைச் சிறிதளவு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது.

அதிக ரத்தப்போக்கு பரிசோதனை முடிவையும் குழப்பக்கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை, சிவப்பணுக்களில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளக்கிறது. அதிக ரத்தப்போக்கால் இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை ஏற்பட்டிருந்தால் அந்த அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. ஆகவே ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

சர்க்கரை நோயுள்ள பெண்கள் குளுக்கோமீட்டர் அளவுகளைக் குறிக்கும் நோட்டில் மாதவிடாய்த் தேதிகளையும் எழுதிவர வேண்டும். இரண்டு மூன்று சுழற்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் அவரவர் உடலின் போக்கு தெரியும். அந்தக் குறிப்பைக் கொண்டு எந்த நாளில் இன்சுலினை எவ்வளவு கூட்டுவது, எப்போது குறைப்பது என்று மருத்துவர் திட்டமிட முடியும். மருத்துவரைக் கேட்காமல் அளவை மாற்றுவது ஆபத்து. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது ஹார்மோன்கள் ஒழுங்கின்றி ஏறி இறங்கும். அப்போது சர்க்கரையை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.