தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் இயங்குதள மாற்றமும்

தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களின் இயங்குதள இணக்கம் என்பது, கணினியின் இயங்குதளம் மாறும்போது அதன்மேல் செயற்படும் தமிழ் உள்ளீட்டு மென்பொருள்கள், எழுத்துருக்கள், கோப்புகள் ஆகியவை தொடர்ந்து பயன்படுமாறு அவற்றை இற்றைப்படுத்தும் பணியாகும். விண்டோஸ் 98 இலிருந்து விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றுக்கும், பின்னர் விஸ்டா, 64-பிட் பதிப்புகள் ஆகியவற்றுக்கும் பயனர்கள் மாறியபோது இப்பணி இன்றியமையாததாயிற்று. தமிழ்ப் பதிப்பகங்களும் அச்சகங்களும் செறிந்துள்ள சென்னையில் இதன் தாக்கம் மிகுதியாக இருந்தது.

பின்னணி

விண்டோஸ் 95, 98 ஆகிய இயங்குதளங்களில் தமிழுக்கான ஆதரவு உள்ளமைந்திருக்கவில்லை. எனவே மென்பொருள் உருவாக்குநர்கள் 8-பிட் எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். இவ்வகை எழுத்துருவில் இலத்தீன் எழுத்துகளுக்கோ பிற குறிகளுக்கோ உரிய இடங்களில் தமிழ் வரிவடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும். கணினியைப் பொறுத்தவரை அந்த உரை தமிழன்று. எழுத்துருவே அதைத் தமிழாகக் காட்டியது.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிக் குறிமுறையைக் கையாண்டதால், ஒருவர் எழுதியதை அதே எழுத்துரு இல்லாத மற்றொருவரால் படிக்க இயலவில்லை. இதற்குத் தீர்வு காணும் நோக்கில் 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாப், டாம் என்னும் குறிமுறைகளும், தமிழ் 99 விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. இணையப் பயனர்களிடையே திஸ்கி என்னும் குறிமுறை பரவலாக வழங்கியது. இவை அனைத்தும் 8-பிட் முறைகளே.

ஒருங்குறிக்கு மாறுதல்

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் 2000 இலத்தா என்னும் தமிழ் ஒருங்குறி எழுத்துருவுடன் வெளிவந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் இவ்வாதரவு தொடர்ந்தது. எனினும் சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளைப் பயனரே வட்டார அமைப்புகளில் தெரிவுசெய்து நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாவிடில் கொம்புகளும் கால்களும் இடம் மாறித் தோன்றின. விஸ்டாவிலிருந்து இத்தேவை நீங்கியது.

இம்மாற்றம் எழுத்துருவை மட்டும் மாற்றுவதன்று. 8-பிட் முறையில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று வடிவங்களாகச் சேமிக்கப்படும். ஒருங்குறியில் அது 'க' (2965), ஒகரக் குறி (3018) என்று ஒலிப்பு வரிசையில் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் வரைவது இயங்குதளத்தின் எழுத்துக் கோப்புப் பொறியின் வேலையாகும். ஆகவே பழைய மென்பொருள்களின் உட்கட்டமைப்பையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

இணக்கமின்மையின் வகைகள்

1. குறியிட முரண்: திஸ்கியில் 'இ' என்னும் எழுத்து 173ஆம் இடத்தில் அமைந்திருந்தது. உலகத் தரத்தில் அது, வரி முறியும்போது மட்டும் தோன்றும் மறை இணைப்புக்குறிக்கு உரிய இடம். அத்தரத்தைப் பின்பற்றிய மென்பொருள்களில் 'இ' திரையிலிருந்து மறைந்தது. இதன் பொருட்டு 'இ' 254ஆம் இடத்திலும் வைக்கப்பட்டது.

2. உரிமைக் கட்டுப்பாடு: தட்டச்சு மென்பொருள்கள் விசை அழுத்தங்களை இடைமறித்து, அவற்றுக்கு ஈடான தமிழ் எழுத்துகளை மற்ற நிரல்களுக்கு அனுப்புகின்றன. விஸ்டா முதலாகப் பாதுகாப்புக் கருதி, சாதாரண உரிமையில் இயங்கும் நிரல் நிர்வாகி உரிமையில் இயங்கும் நிரலுக்கு விசைகளை அனுப்புவது தடுக்கப்பட்டது.

3. 64-பிட் மாற்றம்: 32-பிட் நூலகக் கோப்பை 64-பிட் நிரலுக்குள் ஏற்ற இயலாது. அம்முறையில் இடைமறித்த மென்பொருள்கள் இரு பதிப்புகளாக வெளியிடப்படவோ, வேறு இடைமறிப்பு முறைக்கு மாற்றப்படவோ வேண்டியிருந்தன. 16-பிட் நிரல்கள் 64-பிட் விண்டோஸில் இயங்குவதே இல்லை.

மென்பொருள்கள்

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சென்னையில் உருவாக்கப்பட்டு 2000இல் வெளியான அழகி ஆகியவை 8-பிட் காலத்தில் தொடங்கிப் பின்னர் ஒருங்குறிக்கு விரிவாக்கப்பட்டவை. தமிழா தன்னார்வக் குழுவின் எ-கலப்பை தொடக்கத்தில் கீமேன் என்னும் பொறியைச் சார்ந்திருந்தது. பிற்காலப் பதிப்பு கட்டற்ற மென்பொருளாகப் புதிதாக எழுதப்பட்டது. சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் இயங்கிய நியூ ஹொரைசன் மீடியா பதிப்பு நிறுவனம் என்.எச்.எம். ரைட்டர் என்னும் உள்ளீட்டு மென்பொருளையும், குறிமுறைகளை மாற்றித்தரும் என்.எச்.எம். கன்வர்ட்டரையும் இலவசமாக வெளியிட்டது.

பழைய கோப்புகளை மாற்றுதல்

நிரல் புதிய தளத்தில் இயங்கினாலும், அதைக்கொண்டு முன்னர் எழுதிய கோப்புகள் தாமாக மாறுவதில்லை. தியாகராய நகர், மயிலாப்பூர் போன்ற பகுதிகளின் டி.டி.பி. நிலையங்களில் பரவலாகப் பயன்பட்ட பேஜ்மேக்கர், 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோனது. அது ஒருங்குறியை ஆதரிக்கவில்லை. அதில் கோக்கப்பட்ட நூல்களின் உரையை வெளியே எடுத்துக் குறிமுறை மாற்றியே மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவர இயலும்.

இம்மாற்றத்தில் பிழைகளும் நேர்கின்றன. பல 8-பிட் எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே வடிவமே இருந்தது. எனவே 'மௌனம்' என்பது 'மெளனம்' என்று மாற்றப்படக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. எல்லா இடங்களிலும் ஔகாரமாக மாற்றுவதும் தீர்வாகாது. அவ்வாறு செய்தால் 'தெளிவு' சிதைந்துவிடும். 'ள' வடிவத்துக்குப் பின் உயிர்க்குறி வருகின்றதா என்று பார்ப்பது மாற்றிகள் கையாளத்தக்க ஒரு விதியாகும். எனினும் மாற்றியபின் மெய்ப்புப் பார்ப்பது தேவை.

பிந்தைய நிலை

2010 சூன் மாதம் தமிழக அரசு ஒருங்குறியையும், அதற்கு இயலாத இடங்களில் 16-பிட் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் தரமாக அறிவித்தது. சென்னை கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை இயக்கிகளையும் வழங்குகின்றது. 2019இல் விண்டோஸ் 10 இன் மே மாத இற்றைப்படுத்தலில் தமிழ் ஒலிப்பு விசைப்பலகை சேர்க்கப்பட்டது.

விண்டோஸ் 10இல் இலத்தா எழுத்துரு விருப்பத் தொகுப்பாக மாற்றப்பட்டுவிட்டது. ஆயினும் அவ்வெழுத்துருவில் எழுதப்பட்ட ஒருங்குறி ஆவணம், அது நிறுவப்படாத கணினியில் நிர்மலா போன்ற வேறோர் எழுத்துருவில் தமிழாகவே திறக்கும். 8-பிட் எழுத்துருவில் எழுதப்பட்ட ஆவணமோ அதே நிலையில் பொருளற்ற குறிகளின் தொகுப்பாகவே தோன்றும். உள்ளீட்டு மென்பொருள்களை ஒவ்வொரு புதிய இயங்குதளத்துக்கும் ஏற்ப மீண்டும் திருத்த நேரிடலாம். ஆனால் ஒருங்குறியில் சேமித்த உரையை அவ்வாறு திருத்த வேண்டியதில்லை. இன்னும் மாற்றப்படாத 1990களின் கோப்புகளைப் பொறுத்தவரை, அவற்றின் எழுத்துருவும் குறிமுறை அட்டவணையும் கிடைக்கும் காலத்திலேயே அவற்றை மாற்றிவிடுவது பாதுகாப்பானது.