திராட்சைத் தோட்டமும் கிராவல் ரோடும்

2024 பொங்கல் விழாவில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து இலை நண்பர் கேட்டார்: "ஏன் சார், ஐம்பத்தெட்டு வயசுல உங்களுக்கு இந்த சைக்கிள் பைத்தியம் எப்படிப் பிடிச்சுது?" வாய் நிறையச் சர்க்கரைப் பொங்கல் இருந்ததால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

பைத்தியம் முதலில் பிடித்தது எனக்கல்ல, என் மகளுக்கு. நாங்கள் வசிக்கும் நாசிக் ஊருக்கே அந்தக் காற்று உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் ஓட்டும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' பந்தயத்தை 2015ல் இருவர் அணியாக முடித்த மகாஜன் சகோதரர்கள் இந்த ஊர் டாக்டர்கள். அதை முடித்த முதல் இந்தியர்கள் அவர்கள்தான். அதே பந்தயத்தைத் தனி ஆளாக முடித்த முதல் இந்தியர் என்ற பெயரை ராணுவ டாக்டர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் 2017ல் பெற்றார். இவர்களைப் பற்றியெல்லாம் கேட்டு வளர்ந்த பெண் ஸ்கூட்டி கேட்காமல் சைக்கிள் கேட்டதில் வியப்பில்லை. விலையைக் கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது. அந்தப் பணத்துக்கு ஸ்கூட்டியே வாங்கியிருக்கலாம்.

அவள் வாங்கியது 'கிராவல் பைக்'. பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலவே கைப்பிடி கிடாக் கொம்பாக வளைந்திருக்கும். ஆனால் டயர் நாற்பது மில்லிமீட்டர் அகலம். தார் ரோட்டுப் பந்தய சைக்கிள் டயரில் அடிக்கும் காற்றில் பாதிதான் இதற்கு அடிக்க வேண்டும். கல்லும் மண்ணும் கலந்த பாதையில் டயர் சற்று அமுங்கி உருண்டால்தான் பிடிப்பு இருக்கும், முதுகெலும்பும் தப்பும். உள்ளே டியூப் கிடையாது. பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி வைத்திருக்கிறார்கள். கருவேல முள் குத்தினால் அந்தப் பாலே கசிந்து ஓட்டையை அடைத்துவிடுகிறது. முதல் முறை அதை நேரில் பார்த்தபோது ஊரில் பஞ்சர் ஒட்டக் கிடந்த நாட்களை எண்ணிப் பெருமூச்சு விட்டேன்.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்துச் சரளைப் பாதைகளில் 2006ல் தொடங்கிய ஒரு நீண்ட பந்தயம்தான் இந்த விளையாட்டைப் பிரபலமாக்கியது. 2022ல் இத்தாலியில் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்தது. மகள் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் நான். முல்லைப் பெரியாற்று வாய்க்கால் கரையில், ஒரு பக்கம் திராட்சைப் பந்தலும் மறுபக்கம் தூரத்தில் மேகமலையுமாக, அப்பாவின் கறுப்பு சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்துப் போன பாதைக்கு அன்றைக்கே எங்கள் ஊரில் 'கிராவல் ரோடு' என்றுதான் பெயர். லாரியில் கிராவல் மண்ணைக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போவார்கள். இங்கே மராத்தியில் அதை முரும் என்கிறார்கள். மண் ஒன்றுதான்.

ஆக, மகளுக்குத் துணை என்ற சாக்கில் நானும் ஒரு பழைய கிராவல் பைக் வாங்கினேன். நான் சொல்ல வந்தது 2023 நவம்பர் 26 அன்று நாங்கள் போன பயணத்தைப் பற்றி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அதோடு திருக்கார்த்திகை. "விளக்கு வைக்கிறதுக்குள்ள அப்பாவும் பொண்ணும் வீட்டில இருக்கணும்" என்ற கட்டளையுடன்தான் வாசற்கதவு திறந்தது. காலை ஆறு மணிக்குக் கங்காபூர் சாலையில் ஏறினோம். சோமேஷ்வர் கோவிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் அப்புறம் கோதாவரிதான் வழிகாட்டி. அங்கே அவள் இன்னும் சின்னப் பெண். நடுவே பாறைகள் தெரிய, சலசலத்துக்கொண்டு ஓடுகிறாள். சற்று மேலே கங்காபூர் அணை. மண்ணால் கட்டிய அணை, நாலு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான நீளம். நாசிக் நகரத்தின் குடிநீரும் அங்கிருந்துதான் வருகிறது.

அணையை ஒட்டிய சரிவுகளில் 1990களின் பிற்பகுதியில் ஒயின் திராட்சை நட்டுப் புதுப்பாதை போட்டவர் ராஜீவ் சாமந்த். ஸ்டான்ஃபோர்டில் படித்து அமெரிக்க வேலையை விட்டு வந்தவர். அவருக்குப் பிறகு எத்தனையோ ஒயின் ஆலைகள் வந்துவிட்டன. ஒயினைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதாக இல்லை. இந்த இதழை என் மனைவியும் படிப்பாள்.

கிர்ணாரே பக்கம் போகப் போக, சாப்பிடும் திராட்சைத் தோட்டங்கள். எங்கள் ஊர்ப் பந்தலைப் போலத் தலைக்கு மேல் கூரையாகப் படர விடாமல், இங்கே பெரும்பாலும் ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற இரும்புச் சட்டங்களில் கம்பி இழுத்துக் கொடியை இரண்டு பக்கமும் விரிக்கிறார்கள். கம்பத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பன்னீர்த் திராட்சை பழுத்திருக்கும். நாசிக்கில் அப்படியில்லை. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபர் வாக்கில் ஒரு கவாத்து. முதலாவது கிளைக்கு, இரண்டாவது காய்க்கு. இரண்டு முறை வெட்டி ஒரு முறைதான் பறிக்க முடியும். அந்த ஒரு மகசூலில்தான் வருடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு தோட்டத்து வாசலில் தண்ணீர் கேட்டு நின்றோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்த விவசாயி. என் மராத்தியைக் கேட்டதும் "மதராஸா, அண்ணா?" என்றார். முப்பத்தைந்து வருடம் இங்கே இருந்தும் என் மராத்தி என்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நானும் திராட்சைக்கார வீட்டுப் பிள்ளை என்றதும் மனிதர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கவாத்து முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பூ உதிர்ந்து, கொத்துகளில் கடுகளவு பிஞ்சு. அவர் அதைப் பார்க்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை வரும் என்று வானொலியில் சொல்லியிருக்கிறார்களாம். நவம்பர் கடைசியில் மழையா என்றேன். "வரக்கூடாது. ஆனால் வருகிறதே!" என்றார். பிஞ்சுப் பருவத்தில் இலை நனைந்தால் அடிச்சாம்பல் நோய் இரண்டு மூன்று நாளில் தோட்டத்தையே பிடித்துவிடும். பிஞ்சும் கொட்டும்.

என் மகள் பேச்சை மாற்ற நினைத்து, "காகா, உங்க ஊர் ரோடு ரொம்ப அருமையா இருக்கு. தார் போட விடாதீங்க" என்றாள். அவள் சொன்னதற்கும் பின்னணி உண்டு. இத்தாலியில் கியாந்தி என்ற திராட்சைச் சீமையில், வெள்ளை மண் பாதைகளைத் தார் விழுங்கிவிடாமல் காப்பாற்றவே 1997ல் ஒரு சைக்கிள் விழாவைத் தொடங்கினார்கள். அதை அவள் எங்கோ படித்திருந்தாள். காகா சிரிக்கவில்லை. "உனக்கு அருமை, மகளே. என் பழம் இந்த ரோட்டைத் தாண்டித் தார் ரோடு சேர்வதற்குள் பாதி காம்பை விட்டுவிடுகிறது. வியாபாரி உதிர்ந்த பழத்துக்கு விலை கொடுப்பானா?" என்றார். மகள் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் அப்பாவும் வண்டியில் கூடைக்கு அடியில் வைக்கோல் பரப்பிக்கொண்டு இதையேதான் புலம்புவார். நான்தான் வசதியாக மறந்து போயிருந்தேன்.

அணையின் பின்தண்ணீரைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பினால் மண் சிவக்கிறது, காடு தொடங்குகிறது. மூச்சு வாங்குகிற ஏற்றம். மகள் உட்கார்ந்தபடியே மிதித்துப் போக, நான் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். எதிரே அஞ்சனேரி. அனுமன் பிறந்த மலை என்பது இங்கத்திய நம்பிக்கை. 2017ல் இதைப் பாதுகாப்புக் காடாக அறிவித்தார்கள். பாறை முகடுகளில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு வைக்கின்றன. இந்த மலையின் பெயரையே தாங்கிய 'செரோபீஜியா அஞ்சனேரிகா' என்ற அபூர்வச் செடியும் உண்டு. ஆகவே சைக்கிளை அடிவாரத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

அங்கிருந்து மேற்கே பார்த்தால் திரியம்பகத்தின் பிரம்மகிரி. கோதாவரி அங்கே பிறந்து 1,465 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலுக்குப் போகிறாள். அதே மலைத்தொடரில் பிறக்கும் வைதரணா அரபிக் கடலுக்குப் போகிறது. மும்பை வாசகர்கள் வீட்டுக் குழாயில் அந்தத் தண்ணீரும் வருகிறது. ஒரே மேகத்தின் மழை, முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் ராஜமுந்திரி, அந்தப் பக்கம் விழுந்தால் தாதர்! புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு இதை மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதே வெளிச்சம் மங்கியது.

அன்று திரிபுராரி பூர்ணிமை வேறு. திரியம்பகம் நெடுஞ்சாலை வண்டிகளால் அடைத்துக் கிடந்ததால் வந்த வழியே திரும்பினோம். மூன்று மணி சுமாருக்குப் பிடித்தது மழை. கிராவல் மண்ணில் சமாளித்தோம். கரிசல் பகுதியில் நுழைந்ததும் சக்கரம் சுற்றவே இல்லை. இரண்டடிக்கு ஒரு தரம் மண் அப்பி இறுகிக்கொண்டது. சைக்கிளைத் தோளில் சுமந்து, வழுக்கி விழுந்து, காகாவின் கொட்டகைக்குள் போய் ஒதுங்கினோம்.

அவர் எங்களுக்கு டீ போடச் சொல்லிவிட்டு வாசலில் நின்றார். பேச்சே இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் மட்டும். மருந்துத் தொட்டியோடு டிராக்டர் தயாராக நின்றது. மழை விட்டவுடன் அடித்தால்தான் பலன். ஆனால் அந்தச் சேற்றில் டிராக்டர் எப்படி இறங்கும்? ஒரு முறை இறக்கிப் பார்த்தார்கள். பின்சக்கரம் முழங்கால் ஆழம் புதைந்தது. அவரும் மகனும் இரண்டு வேலையாட்களும் தள்ள, நானும் என் மகளும் சேர்ந்து தள்ளினோம். வண்டி வெளியே வந்ததே தவிர, உள்ளே போகவில்லை. கடைசியில் முதுகில் மாட்டும் தெளிப்பானை எடுத்துக்கொண்டு இருட்டும் நேரத்தில் கால்நடையாக இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. விளக்குகள் ஏற்றி, பாதி அணைந்தும் போயிருந்தன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது எவ்வளவு பெரிய வசவு என்பது எனக்குத் தெரியும். மறுநாள் செய்தித்தாளைப் பார்த்தால், நிபாட் பக்கம் ஆலங்கட்டி மழையே பெய்திருக்கிறது. எத்தனையோ தோட்டங்கள் போயிருந்தன.

பிப்ரவரி கடைசியில் மறுபடி போனோம். காகாவின் மேட்டுத் தோட்டம் பிழைத்திருந்தது. தண்ணீர் தேங்கிய பள்ளத்துத் தோட்டத்தில் பறிக்க ஒன்றுமில்லை. போட்ட மருந்துச் செலவாவது வருமா என்று கேட்டேன். கையை மட்டும் விரித்துக் காட்டினார். புறப்படும்போது ஒரு பெட்டித் திராட்சையை எடுத்துவந்து என் மகள் கையில் வைத்தார். பணத்தைத் தொடவே இல்லை.

என் துண்டை இரண்டாகக் கிழித்து, பெட்டியை அவள் சைக்கிளின் பின்னால் இறுக்கிக் கட்டினோம். முன்னே போன மகள், குழி வந்த இடத்தில் எல்லாம் இறங்கி உருட்டிக்கொண்டே வந்தாள். தார் ரோடு வர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று. வீட்டில் வந்து பெட்டியைத் திறந்தோம். கால்வாசிப் பழம் காம்பை விட்டு அடியில் உதிர்ந்து கிடந்தது.