ஆறு செமஸ்டரை ஒரு பலகைக்குள் அடக்குவது எப்படி?

கல்லூரி வாழ்க்கையை ஒரு பலகை ஆட்டமாகச் செய்யலாம் என்று நாலு மாணவர்கள் உட்கார்ந்தால், முதல் நாளே சார்ட் பேப்பரில் நூறு கட்டம் விழுந்துவிடும். ‘மாஸ் பங்க்: மூன்று கட்டம் பின்னே போ’, ‘கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை: ஏணியில் ஏறு’, ‘மூன்று அரியர்: பாம்பு’. எழுதும்போது சிரிப்பாக இருக்கும். இரண்டு முறை ஆடியதும் அலுத்துவிடும். பரமபதத்தையே பெயர் மாற்றி வரைந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

பரமபதத்தில் ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு என்று எதுவும் இல்லை. கட்டை விழுந்தபடி காய் நகரும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடுகிறவருக்கு அது பொருத்தம்: தன் முயற்சியைவிடப் பெரிய ஒன்று தன்னை ஏற்றுகிறது, இறக்குகிறது என்பதை ஆட்டத்தின் அமைப்பே அவருக்குச் சொல்லிவிடுகிறது. கல்லூரி மாணவரின் நாளோ முடிவுகளால் ஆனது. இன்று வகுப்புக்குப் போவதா, கடை வேலைக்குப் போவதா, நண்பனின் அக்கா கல்யாணத்துக்குப் போவதா? இந்த முடிவுகளை ஆடுபவர் கையில் கொடுத்தால்தான் அது கல்லூரி ஆட்டமாகும். ஒரு மதுரைக் கல்லூரியின் மாணவர் குழு அதை எப்படிச் செய்யலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பழைய ஆட்டங்களைப் பிரித்துப் பாருங்கள்

ஆட்டம் செய்யும் கலைக்கு மதுரைப் பக்கம் பஞ்சமில்லை. நகரிலிருந்து சுமார் 12 கி.மீ. தென்கிழக்கே உள்ள கீழடியில் பகடைகளும் ஆட்டக்காய்களும் சுடுமண் வட்டுச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. வீட்டுப் பரணில் இருக்கும் ஆட்டங்களே போதும், பாடம் கற்க.

தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 0, 1, 2, 3 என்று குறியிட்ட இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் இரண்டில்தான் தாயம், அதாவது ஒன்று விழும். எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் வெளியே உட்கார்ந்திருப்பவர் சராசரியாக மூன்று பேரில் ஒருவர். மதியம் முழுவதும் திண்ணையில் கழிக்கும்போது அது பரவாயில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டத்தில் ஒருவரை அப்படிக் காக்க வைத்தால் அவர் போனை எடுத்துவிடுவார். ஆனால் தாயத்தில் பரமபதத்தில் இல்லாத ஒன்று உண்டு: பல காய்களில் எதை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்ற தேர்வு.

ஆடுபுலி ஆட்டத்தில் கட்டையே கிடையாது. வழக்கமான பலகையில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். இரு தரப்புக்கும் பலம் வேறு, வெல்லும் வழியும் வேறு: புலி வெட்டி வெல்ல வேண்டும், ஆடு சேர்ந்து நின்று மடக்கி வெல்ல வேண்டும். தொடக்கம் சமமாக இல்லாத இருவரை ஒரே பலகையில் எப்படி நேர்மையாக மோதவிடுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

விதியை மாற்றினால் கருத்தும் மாறும்

அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904இல் ‘தி லேண்ட்லார்ட்ஸ் கேம்’ என்ற ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிவதால் வரும் கேட்டைக் காட்டுவது அவர் நோக்கம். அந்த ஆட்டம் கடை வழியாகப் பரவியதைவிடக் கைமாறிப் பரவியதே அதிகம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்த ஸ்காட் நியரிங் போன்றவர்கள் வழியாக அது மாணவர்களிடம் போனது. அவர்கள் பலகையைக் கையால் வரைந்து, தங்கள் ஊர்த் தெருப் பெயர்களை எழுதி ஆடினார்கள். மேகி ஒரே பலகைக்கு இரண்டு விதித்தொகுப்புகள் எழுதியிருந்தார். ஒன்றில் செல்வம் பெருகினால் எல்லாருக்கும் பங்கு. மற்றதில் ஒருவர் மற்றவர்களை ஓட்டாண்டியாக்கி வெல்ல வேண்டும். இந்த இரண்டாவது வடிவம்தான் 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் மோனோபொலியாகி, நம் வீடுகளுக்கு ‘பிசினஸ்’ ஆட்டமாக வந்தது. கட்டங்கள் ஏறத்தாழ அவையே. விதி மாறியதும் ஆட்டம் சொல்லும் செய்தி தலைகீழானது.

எனவே பலகை வரையும் முன் குழு ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ள வேண்டும். ‘நல்ல மார்க்குக்கு உழைப்பு மட்டும் போதாது, நேரமும் வேண்டும், அந்த நேரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை’ என்பது ஒரு வாக்கியம். இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

எது பற்றாக்குறை?

ஆட்டத்தின் உயிர் பற்றாக்குறையில் இருக்கிறது. நம் ஆட்டத்தில் பற்றாக்குறை நேரம். ஒரு செமஸ்டருக்கு நான்கு வாரம் என்று வையுங்கள். வாரத்துக்கு ஒவ்வொருவர் கையிலும் மூன்று புளியங்கொட்டை. பலகையில் இடம் நான்கு: வகுப்பு, படிப்பு, பகுதிநேர வேலை, நண்பர்கள். ஓரிடத்தில் ஒரு கொட்டைக்கு மேல் வைக்கக் கூடாது. அப்போது ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை விட்டே ஆக வேண்டும்.

நான்கு வாரம் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. கல்லூரிகளில் வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். நான்கில் மூன்று வாரம் வகுப்பில் கொட்டை வைத்தவருக்கு அது சரியாக நிறைகிறது. இரண்டே வாரம் வந்தவர் வருகைக் குறைவை ஈடுகட்டும் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் குறைந்தால் ஹால் டிக்கெட் இல்லை, நேராக அரியர். பல்கலைக்கழக விதி இதைவிட நுணுக்கமானது. ஆட்டத்துக்கு இவ்வளவு போதும். உண்மை விதியின் அழுத்தம் வர வேண்டும், அதன் எல்லா உட்பிரிவுகளும் வர வேண்டியதில்லை.

தேர்வில் பகடைக்கு எவ்வளவு இடம்?

செமஸ்டர் முடிவில் தேர்வு. இரண்டு சாதாரணப் பகடைகளை உருட்டி, படிப்பில் வைத்த கொட்டைகளைக் கூட்டிக்கொள்ளலாம். மொத்தம் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் பாஸ். கணக்கு இப்படி வரும்: ஒன்றுமே படிக்காதவர் தேறும் வாய்ப்பு 36இல் 10, அதாவது சுமார் 28 சதவீதம். இரண்டு வாரம் படித்தவருக்கு 58 சதவீதம். நான்கு வாரமும் படித்தவருக்கு 83 சதவீதம். விழுந்து விழுந்து படித்தவரிலும் ஆறில் ஒருவர் தோற்பார்.

இது நியாயமா என்று குழுவுக்குள் சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டைதான் வடிவமைப்பு. ஒருவர் ‘கொஸ்டின் பேப்பரே அப்படித்தான் வருது’ என்பார். இன்னொருவர் ‘படிச்சவனை ஏன் தண்டிக்கணும்’ என்பார். 9ஐ 8ஆகக் குறைத்தால் நான்கு வாரமும் படித்தவர் தேறும் வாய்ப்பு 92 சதவீதத்தைத் தொடும். படிக்காதவருக்கும் அது 42 ஆகிவிடும். ஒரே ஓர் எண் மாறினால் கல்லூரியைப் பற்றிய உங்கள் கருத்தே மாறுகிறது.

தொடக்கம் சமமில்லை

இனி ஆடுபுலியிடம் கடன் வாங்கலாம். எல்லாரும் ஒரே கையிருப்போடு தொடங்கினால் மதுரைக் கல்லூரி எதையும் அது காட்டாது. ஆளுக்கொரு பாத்திரச் சீட்டு கொடுங்கள். ஹாஸ்டல் மாணவருக்கு வாரம் மூன்று கொட்டையும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் செமஸ்டருக்கு ஒருமுறை மெஸ் பில் கட்ட வேண்டும். சோழவந்தானிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ டவுன் பஸ்ஸில் வருபவருக்கு மெஸ் பில் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு கொட்டை பஸ்ஸுக்குப் போய்விடும். கல்லூரி இருக்கும் இடமும் கணக்கில் வரும். தெப்பக்குளத்தருகே உள்ள தியாகராசர் கல்லூரியிலிருந்து ஊருக்குள் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குப் போவது எளிது. நாகமலை புதுக்கோட்டையில், ஊரைத் தாண்டி இருக்கும் காமராசர் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அப்படிப் போவது அவ்வளவு எளிதில்லை.

அரசுத் திட்டங்களையும் இங்கே சேர்க்கலாம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆட்டத்தில் இவை காசாக வரும், புளியங்கொட்டையாக வராது. கட்டணமில்லாத பஸ்ஸிலும் பயண நேரம் அதேதான். காசையும் நேரத்தையும் தனித்தனிக் காய்களாக வைத்தால் இதை ஒரு வரி வசனம் இல்லாமலே ஆடுபவர் உணர்ந்துகொள்வார்.

வெல்லும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டாம். தொடக்கத்தில் ஆளுக்கொரு ரகசிய இலக்குச் சீட்டு எடுக்கட்டும்: ரேங்க் வாங்குவது, வேலையோடு வெளியேறுவது, கலைவிழா மேடையைப் பிடிப்பது, குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆவது. அப்போது நண்பர்கள் இடத்தில் மட்டும் கொட்டை வைத்துக்கொண்டே போகிறவர் உருப்படாதவர் என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

அரியர் என்னும் சுழல்

அரியர் வைத்தவர் அடுத்த செமஸ்டரில் ஒரு படிப்புக் கொட்டையைப் பழைய பாடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தால், அவர் புதிய பாடத்திலும் பின்தங்குவார், இன்னோர் அரியர் சேரும். உண்மையிலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் மூன்றாம் செமஸ்டரிலேயே தோற்றுப்போன ஒருவர் மீதி ஆட்டம் முழுக்கச் சும்மா ஆடுவார். இந்தச் சுழலிலிருந்து வெளிவர ஒரு கதவு வேண்டும். நண்பர்கள் இடத்தில் சேர்த்த இரண்டு கொட்டைகளைக் கொடுத்தால் தேர்வில் பகடையை மறுபடி உருட்டலாம் என்று வையுங்கள். அரியரைக் கிளியர் செய்யத் தேர்வுக்கு முந்தின இரவில் நோட்ஸோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்கள் நண்பர்கள்தானே.

சீட்டுகளில் எதை எழுதுவது, எதைத் தவிர்ப்பது

நிகழ்ச்சிச் சீட்டு ஊரின் வாசம் சேரும் இடம். அதற்கு ஒரே விதி: கொட்டை வைக்கும் முன்பே சீட்டைத் திறக்க வேண்டும். பின்னால் திறந்தால் அது பாம்பு. முன்னால் திறந்தால் அது ஆடுபவர் எடுக்கும் முடிவு. அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் பல ஆண்டுகளில் செமஸ்டர் தேர்வை ஒட்டியே வரும். ‘இந்த வாரம் நண்பர்கள் இடத்தில் வைக்கும் கொட்டை இரண்டாகக் கணக்கிடப்படும்’ என்று ஒரு சீட்டு வந்தால், அழகரை வரவேற்கும் தல்லாகுளத்து எதிர்சேவைக்குப் போவதா, படிப்பதா என்று மேசையே இரண்டாகும்.

சீட்டில் உண்மையான பேராசிரியர் பெயர், சக மாணவர் பட்டப்பெயர் வேண்டாம். ராகிங்கை வேடிக்கைச் சீட்டாக்கவே கூடாது. ஒரு மருத்துவ மாணவரின் கொலைக்குப் பிறகு 1997இல் அதற்கென்றே தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது.

நேரத்தை அளந்து, வாயை மூடிச் சோதியுங்கள்

6 செமஸ்டர், செமஸ்டருக்கு 4 வாரம், 4 பேர் என்றால் 96 முறை. முறைக்கு 40 விநாடி என்றாலும் 64 நிமிடம், தேர்வுகள் தனி. எல்லாரும் கொட்டைகளை மறைத்து வைத்து ஒரே நேரத்தில் திறக்கட்டும். வாரத்துக்கு ஒரு நிமிடம், தேர்வுக்கு மூன்று நிமிடம். 42 நிமிடத்தில் பட்டம் வாங்கிவிடலாம். உணவு இடைவேளைக்குள் முடியாவிட்டாலும் ஒரு ப்ரீ ஹவரில் முடியும்.

முதல் மாதிரிக்குச் செலவே வேண்டாம். சார்ட், புளியங்கொட்டை, காசுக்குச் சோழி, இரண்டு பகடை, பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சீட்டுகள் போதும். அழகாக வரையாதீர்கள், அழகாக வரைந்ததை மாற்ற மனசு வராது. குழுவே ஆடிப் பார்ப்பது முதல் சோதனை. வேறு துறை மாணவர்களை ஆடவிட்டுப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது. விதித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு வாயே திறக்காமல் பார்ப்பது மூன்றாவது. அதில் அவர்கள் தப்பாக ஆடினால் தப்பு தாளில் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். விதித்தாளை ஒருவர்தான் திருத்த வேண்டும். ஒருவர் எண்களைக் கணக்கிடட்டும், ஒருவர் சீட்டுகளை எழுதி வரையட்டும், ஒருவர் சோதனையின்போது குறிப்பெடுக்கட்டும்.

அச்சும் உரிமையும்

63 × 88 மி.மீ. சீட்டை வெட்டு விளிம்போடு அமைத்தால் 12 × 18 அங்குலத் தாளில் 18 சீட்டு அடங்கும். 54 சீட்டுக் கட்டுக்கு மூன்று தாள். பத்துப் பிரதிக்கு உள்ளூர் டிஜிட்டல் அச்சகம் போதும். ஆப்செட்டில் தகடு செய்யும் செலவு முதலிலேயே வந்துவிடுவதால், ஆயிரக்கணக்கில் போடும்போதுதான் சிவகாசிக்குப் போவது கட்டுப்படியாகும்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் விதித்தாளின் எழுத்தையும் ஓவியத்தையும் காக்கும். ஆட்டத்தின் யோசனையைக் காக்காது. மேகிக்குக் கடைசியில் கிடைத்தது 500 டாலர். புகழும் பணமும் வேறொருவருக்குப் போயின. யார் என்ன செய்தார்கள், விற்றால் பங்கு எப்படி என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டுவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே அது எளிது.

ஆட்டம் தேறிவிட்டதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. முடிந்ததும் தோற்றவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ‘எனக்குக் கட்டையே விழல’ என்றால் இன்னும் பரமபதத்தில்தான் நிற்கிறீர்கள். ‘நாலாவது செமஸ்டர்ல அந்த வேலைக்குப் போயிருக்கக் கூடாது’ என்றால் அச்சகத்துக்குக் கிளம்பலாம்.