வளர்ச்சி ஹார்மோனும் மரபுவழிக் குள்ளத்தன்மையும்

பெற்றோர் குட்டையானவர்களாயின் பிள்ளைகளும் குட்டையாக இருப்பர் என்பது பெரும்பாலும் உண்மையே. உயரம் பல நூறு மரபணுக்களின் கூட்டு விளைவு. உணவும் உடல்நலமும் அதனுடன் சேர்கின்றன. இத்தகைய குழந்தை உயரம் குறைந்திருந்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டேயிருக்கும். அது நோயன்று. ஆனால், ஒரே ஒரு மரபணுவில் நேரும் பிழையும் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடக்கூடும். இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுவதே இடர்ப்பாடு.

மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் ஒரு தூண்டு ஹார்மோனைச் சுரக்கிறது. பிட்யூட்டரி செல்களின் மேலுள்ள ஏற்பி அதனைப் பெற்றவுடன் வளர்ச்சி ஹார்மோன் வெளிப்படுகிறது. அந்த ஏற்பி 423 அமினோ அமிலங்களாலான புரதம். அதற்கான மரபணு ஏழாம் குரோமோசோமில் உள்ளது. 1996ஆம் ஆண்டு, இந்தியக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த குள்ளமான குழந்தைகளிடம் இம்மரபணு ஆராயப்பட்டது. 72ஆம் அமினோ அமிலத்திற்குரிய இடத்தில் 'நிறுத்து' என்னும் குறியீடு காணப்பட்டது. ஆரணிப் பகுதித் தறியில் ஜக்கார்டு அட்டைகள் பாதியில் அறுந்துபோனால் சேலையின் கரை முடிவுறாமல் நின்றுவிடும். இங்கு ஏற்பியும் அவ்வாறே நின்றுவிடுகிறது. 1998இல் சிந்து மாகாணச் சிற்றூர்களிலும், இலங்கையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் இதே பிழை கண்டறியப்பட்டது. சிந்துப் பகுதியில் இக்குறையுடைய ஆண்களின் சராசரி உயரம் 130 சென்டிமீட்டரே. அவர்களுடைய அறிவுத்திறனில் குறையேதுமில்லை.

இஃது ஒடுங்கு பண்பு. பிழையுள்ள மரபணுவை ஒற்றைப்படியாகச் சுமக்கும் தாயும் தந்தையும் இயல்பான உயரத்துடனே இருப்பர். இருவரும் சுமப்பவராயின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இந்நிலை மிகுதி. உயரமான பெற்றோர்க்குக் குள்ளமான குழந்தை பிறப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஏற்பி பழுதுற்றாலும் எலும்புகள் பழுதுறவில்லை என்பதே சிகிச்சைக்கு வழி திறக்கிறது. ஹார்மோனைத் தோலுக்கடியில் நாள்தோறும் ஊசிவழிச் செலுத்தினால், அது பிட்யூட்டரியின் தடையைக் கடந்து நேரே செயற்படும். 1958 முதல் இறந்தோரின் பிட்யூட்டரியிலிருந்தே இம்மருந்து எடுக்கப்பட்டது. அதனைப் பெற்றவர் சிலர் கொடிய மூளைநோயால் இறந்தமை 1985இல் தெரியவந்தது. நல்வாய்ப்பாக, பாக்டீரியாவைக்கொண்டு மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்யப்பட்ட ஹார்மோனுக்கு அவ்வாண்டே அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

காலமே இங்கு முதன்மையானது. எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் பருவமடைதலின் இறுதியில் மூடிவிடும்; அதன்பின் எவ்வளவு ஹார்மோன் செலுத்தினும் உயரம் கூடாது. 'குலவழி இப்படித்தான்' என்று காத்திருக்கும் குடும்பம் இழப்பது இந்த ஆண்டுகளையே. மறுபுறம், குறைபாடு ஏதுமின்றி இயல்பாகக் குட்டையான குழந்தைக்குப் பல ஆண்டுகள் ஊசி போட்டாலும் சில சென்டிமீட்டர்களே கூடும்; செலவோ மிகப் பெரிது. எனவேதான் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021, ஹார்மோன் குறைபாடு மெய்ப்பிக்கப்பட்டோரையும் டர்னர் முதலிய சில நோய்க்குறிகள் உடையோரையும் மட்டும் இச்சிகிச்சைக்குரியோராகக் குறிப்பிடுகிறது.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் உயரத்தை ஆறு மாதத்திற்கொருமுறை குறித்துவந்தால் வளர்ச்சியின் வேகம் புலப்படும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தை ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தால், மருத்துவர் இடக்கையை எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார். குருதிச் சோதனைகள் அதன்பின் தொடரும்.